அடுக்களைக்கு யார் அளவு?

– இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு பேராசிரியர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். காவிரியைப் பாட நம் கல்லூரியில் கவிஞர்கள் பலர் இருக்கின்றனர். பெரிய கோயிலைப் பற்றி எழுத என் வகுப்பிலேயே என்னினும் வல்லவர்கள் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது வீடு வீடாகச் சென்று சமையலறையும் அலமாரியும் பொருத்திக் கொடுக்கும் வேலை. நான் ஒரு தச்சரின் மகன். சனி, ஞாயிறுகளிலும் பருவ விடுமுறையிலும் 'மாடுலர் கிச்சன்' பொருத்தும் குழு ஒன்றில் கையாளாகப் போகிறேன். என் கல்லூரிச் செலவில் பெரும்பகுதி அந்தக் கூலியில் நடக்கிறது.

சமையலறையைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அந்த ஒரே அறையில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் எப்படி நிற்கிறார், எவ்வளவு உயரத்தில் கையைத் தூக்குகிறார் என்பதைப் பற்றி நாம் ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சமையலறைக்கு அளவு சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. சமைப்பவரிடமிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்கத் தெரிந்தவனே அத்தொழிலைக் கற்றவன். இன்று நம் வட்டாரத்தில் இவ்வேலை பெருகிவிட்டது. அதைக் கற்றுத்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இன்னும் வளரவில்லை.

பத்தாயமும் பரணும்

சுவரோடு சேர்ந்த சாமான்கள் ஏதோ அயல்நாட்டிலிருந்து வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். விளக்கு வைக்க மாடக்குழி, பாத்திரம் அடுக்கப் பரண், பூனைக்கு எட்டாமல் பால் தயிர் வைக்க உறி, சுவரில் பதித்த மர அலமாரி, நெல் கொட்டி வைக்கப் பத்தாயம் என்று எல்லாம் அந்தந்த வீட்டுக்கென்றே செய்யப்பட்டவை. பத்தாயத்தை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு எளிதில் தூக்கிச் செல்ல முடியாது. அதன் அடியில் நெல் எடுக்க ஒரு சிறு கதவு இருக்கும். பெண்கள் குனிந்து மரக்காலை நீட்டி நெல்லை வாங்கும் உயரத்தில் அக்கதவு அமைந்திருக்கும். என் தந்தையார் இளமையில் பத்தாயங்களைப் பழுது பார்த்திருக்கிறார். அந்தச் சிறு கதவைத் தவறான உயரத்தில் வைத்த பத்தாயம் ஒன்றைக்கூடத் தாம் கண்டதில்லை என்பார்.

பழையன எல்லாம் நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. அந்த அடுப்படியில் புகை உண்டு, கண்ணெரிச்சல் உண்டு. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை எல்லாம் தரையில் உட்கார்ந்தோ குந்தியோ செய்யும் வேலைகள். ஐம்பது வயதுக்குப் பின் முழங்கால் என்ன பாடுபட்டிருக்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத்தான் தெரியும்.

எரிவாயு வந்தது, சமையல் எழுந்து நின்றது. தமிழக அரசு 2007ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2011ஆம் ஆண்டில் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கும் திட்டம் தொடங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. இவற்றால் புகை அகன்றது. அரைக்கும் பாடு குறைந்தது. இவை பெருநன்மைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தரையில் இருந்த வேலை அனைத்தும் ஒரு மேடைக்கு ஏறியபோது, அந்த மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் உடன் ஏறியது. அதற்கு நாம் சரியான விடை சொன்னோமா?

நான் செய்த பிழை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவையாற்றுப் பக்கம் ஒரு சிற்றூரில் வேலை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். ஊரில் தாயார் மட்டும் இருந்தார். பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டை இடித்து, புதிதாகச் சமையலறை கட்டியிருந்தார்கள். மகன் கைப்பேசியில் படங்கள் அனுப்பினார். கடைக்காரர் கணிப்பொறியில் வரைபடம் போட்டு அவருக்கே திருப்பி அனுப்பினார். அவர் 'நன்று' என்றார். நாங்கள் நால்வர் வண்டியில் பெட்டிகளோடு போய் இறங்கினோம்.

மேடை உயரம் கிரானைட்டோடு சேர்த்து 36 அங்குலம். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், மயிரிழை சாயவில்லை. கதவுகள் சத்தமின்றி மூடின. நான்கு நாளில் வேலை முடிந்தது. அந்த அம்மையார் எங்களுக்கு வேளாவேளைக்குக் காப்பி கொடுத்தார். சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு கதவு தொங்குகிறது என்று செய்தி வந்தது. கீலைத் திருகிச் சரிசெய்ய நான் மட்டும் போனேன். அப்போது உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சுவரோரம் இருந்த மணைப்பலகையைக் காலால் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சோற்றைக் கிளறினார். தரை ஈரமாக இருந்தது. கரண்டி பிடித்த கையின் உட்புறம், முழங்கைக்குக் கீழே, வரிசையாக மூன்று சுட்ட வடுக்கள். பானை விளிம்பில் கை பட்டுப் பட்டு வந்தவை.

"ஏம்மா, மேடை உசரமா இருக்குன்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்க யாரும் கேக்கலையே தம்பி. பெரிய படிப்புப் படிச்சவங்க போட்ட படம், சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கையில் டேப் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அன்றுதான் முதன்முறையாக அளக்க வேண்டியதை அளந்தேன். அவர் உயரம் 57 அங்குலம். மேடை 36, அதன்மேல் அடுப்பு 4, அதன்மேல் பானை 8. ஆக விளிம்பு 48 அங்குலத்தில் நிற்கிறது. அது அவருடைய தோளுக்கும் மேலே! தோளுக்கு மேல் கொதிக்கும் பானையை வைத்து, நாள்தோறும் அதற்குள் கையை விட்டுக் கிளறு என்று ஒரு மூதாட்டிக்கு நாங்கள் ஆணையிட்டிருந்தோம். ரசமட்டம் சரியாக இருந்தது. மனிதக் கணக்குத் தவறியிருந்தது.

வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆளப் பாக்காம அளவு எடுத்தா இப்படித்தான்டா" என்றார். கடையில் கேட்டபோது, ஒப்புக்கொண்ட படத்தின்படி செய்து கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த ஞாயிறு தந்தையாரும் நானும் அங்கே போனோம். கொல்லைப்புறச் சன்னலை ஒட்டி இருந்த வெற்றிடத்தில் செங்கல் வைத்துக் கட்டி, கடப்பைக் கல் பலகை ஒன்றை 28 அங்குல உயரத்தில் போட்டோம். அடுப்பு அங்கே இடம் மாறியது. இப்போது விளிம்பு 40 அங்குலம். மணைப்பலகை பூசையறைக்குத் திரும்பியது. எங்களுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. எனக்கு ஒரு பாடம் கிடைத்தது.

பிராங்க்பர்ட்டிலிருந்து ஒரு பாடம்

வரலாற்று மாணவன் என்ற முறையில், இந்த 36 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் சமையல் மேடைக்கு வழக்கமான உயரம் 36 அங்குலம். ஐரோப்பாவிலும் அதை ஒட்டியே, சுமார் 85 முதல் 91 செ.மீ. வரை வைக்கிறார்கள். அங்குள்ள பெட்டிகளின் அளவு, துளைகளுக்கு இடையே 32 மி.மீ., கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. என்பவை எல்லாம் இன்று நம்மூர்க் கடைகளிலும் வழங்குகின்றன. துளைக்கு எங்கும் ஒரே அளவு இருப்பது நல்லது. மாற்றுக் கீல் எங்கும் கிடைக்கும். ஆனால் துளைக்குப் பொருந்தும் விதி ஆளுக்கும் பொருந்துமா?

பொருத்தும் சமையலறையின் தாய் என்று சொல்லத்தக்கது, 1926இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக்கலைஞர் அமைத்த சமையலறை. ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். தொடர்வண்டியின் உணவுப் பெட்டியில் இருந்த சிறு சமையலறையும் அவருக்கு முன்மாதிரி. எத்தனை அடி நடக்கிறார்கள், ஒரு வேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது என்றெல்லாம் கணக்கிட்டு அமைத்தார். மாவுப் பெட்டியைப் புழு அண்டாதபடி ஓக் மரத்தில் செய்வித்தார். சன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய முக்காலி ஒன்றையும் வைத்தார். அப்படிப்பட்ட சமையலறைகள் ஏறத்தாழ பத்தாயிரம் பொருத்தப்பட்டன.

அதற்கு முன்பே அமெரிக்காவில் கிறிஸ்டின் பிரெடரிக் என்ற அம்மையார் வீட்டு வேலையைத் தொழிற்சாலை வேலைபோல் அளந்து, 1913இல் நூல் வெளியிட்டிருந்தார். பின்னர் லில்லியன் கில்பிரெத் என்ற பொறியியல் அறிஞர், மேடையின் உயரம் வேலை செய்பவரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

எனவே நண்பர்களே, ஆளைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும் என்பது என் தந்தையார் போன்ற நாட்டுப்புறத் தச்சரின் பழமைவாதம் அன்று. இத்துறையைத் தொடங்கியவர்களே சொன்ன அறிவியல். நாம் வாங்கி வந்தது அவர்கள் கண்ட முடிவின் எண்ணை மட்டும். அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்த முறையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இன்னொன்றும் உண்டு. பிராங்க்பர்ட்டில் குடியேறியவர்கள் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு மேல் உள்ளே நிற்க இடமில்லை, பழைய சாமான்களுக்கு இடமில்லை என்றார்கள். அத்தனை நுட்பமாக அளந்தவருக்கே, குடியிருப்பவரின் பழக்கம் முழுவதும் பிடிபடவில்லை. ஒரு கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பெட்டி இறக்கும் நாம் எம்மாத்திரம்?

நம் மண்ணுக்கு நம் அளவு

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அவ்வளவு உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. இருக்கும். காய் நறுக்கும் மேடை முழங்கைக்குப் பத்துப் பதினைந்து செ.மீ. தாழ்வாக இருந்தால் தோளும் கழுத்தும் நோகா. அதாவது 80 முதல் 85 செ.மீ. வரை, நம் கணக்கில் 32 அங்குலம், மிஞ்சினால் 33. அடுப்பு வைக்கும் பகுதி அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஏனெனில் அடுப்பும் பானையும் சேர்ந்தே ஓரடி உயரம் வந்துவிடும். ஒரே சமையலறையில் இரண்டு மட்டம் வைப்பது தொடக்கத்திலேயே திட்டமிட்டால் பெரிய செலவன்று. பின்னால் இடித்துக் கட்டுவதுதான் செலவு.

உயரம் ஒன்றே குறை என்று எண்ண வேண்டாம். நெல் விளையும் நாட்டில் நாங்கள் பொருத்திய சமையலறைகள் பலவற்றில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வைக்க ஓரிடம் இல்லை. ரொட்டி சுடும் அடுப்புக்கு இடமுண்டு. ஈர மாவு அரைக்கும் கிரைண்டருக்கு இடமில்லை. அது மூலையில் தரையில் கிடக்கிறது. குனிந்து தூக்குவதும் அந்தத் தாய்தான். படத்தில் இருப்பது எவர் வீட்டுச் சமையல் என்று கேட்கத் தோன்றுகிறது.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் அடுப்படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இங்கே ஓரிரு மழைக்காலத்தில் உப்பிப் போகிறது. கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் ஒட்டு விடாத பலகைக்கு ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர எண்ணே இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? நல்ல பலகை வாங்கினாலும் போதாது. தொட்டிக்கு அடியில் குழாய் போக ஓட்டை போடும்போது, அறுத்த விளிம்பை அடைக்காமல் விட்டால் அந்த ஓர் அங்குலத்தின் வழியே நீர் ஏறிப் பெட்டி முழுவதும் அழுகும். பெட்டிக்கு நான்கு அங்குலமாவது பிளாஸ்டிக் கால் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். இவை சிறு வேலைகள். செய்தானா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஒழுங்காக வேலை செய்வதற்குத்தான் தொழில் தர்மம் என்று பெயர்.

உயிருக்கே உலை வைப்பது ஒன்றுண்டு. அழகுக்காக எரிவாயு உருளையைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் பெட்டியின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருந்தே ஆக வேண்டும். உருளை நிமிர்ந்து நிற்க வேண்டும்; அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; இரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமல், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கசிவைத் தெரிவிக்க 1906 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் ஓர் இளைஞன் கையில் டிரில்லைக் கொடுத்து வேலைக்கு அனுப்புவது எந்த வகையில் முறை?

பொருத்துபவனும் மனிதனே

சமைப்பவருக்காகப் பேசும் நான் பொருத்துபவனுக்காகவும் பேச வேண்டும். எங்கள் குழுவில் நால்வரில் ஒருவரும் இத்தொழிலை எங்கும் படித்ததில்லை. ஒருவரைப் பார்த்து மற்றொருவர் கற்றதுதான். கிரானைட்டை வீட்டு வாசலில் வைத்து அறுக்கும்போது வெள்ளைத் தூசி எழும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதோடு சரி. இப்போது செயற்கைக் குவார்ட்சு கல் பரவி வருகிறது. அதில் சிலிக்கா மிக அதிகம். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் மருந்தில்லாத நோய் வரும். கல் அறுக்கும் இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலிய நாடு 2024 சூலை முதல் நாளிலிருந்து அக்கல்லைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது. அங்கே நாடே தடுத்த தூசியை இங்கே நாங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு தடுக்கிறோம். தண்ணீர் ஊற்றி அறுப்பதும் தகுந்த முகமூடியும் பெரிய செலவா?

மூன்று மறுப்புகள்

என் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன.

முதலாவது, "தாய்க்கு ஏற்றபடி தாழ்த்தி வைத்தால், நாளை வரும் மருமகள் உயரமாக இருந்தால் என்ன செய்வது?" என்பது. இரண்டு மட்டம் இருந்தால் இருவருக்கும் ஆகும். மேலும், என்றோ வரப்போகிறவருக்காக இன்று நிற்பவரைத் துன்புறுத்துவது நியாயமா?

இரண்டாவது மறுப்பைச் சொன்னவர் ஒரு மாணவி. "சமையலறை அளவு என்றவுடன் தாய், மருமகள் என்றே பேசுகிறீர்களே, ஆண்கள் சமைக்க மாட்டார்களா?" என்று கேட்டார். நான் வெட்கினேன். நல்ல கேள்வி. ஆனால் அதே கேள்வி என் பக்கம் இன்னும் ஒரு வலுவான வாதத்தையும் தருகிறது. நம் வீடுகளில் பணம் கொடுப்பவர், படம் தேர்ந்தெடுப்பவர், அளவெடுப்பவர், பொருத்துபவர் எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். சமைப்பவர் மட்டுமே பெண். அதனால்தான் தவறு எவர் கண்ணிலும் படவில்லை. நாம் ஒரு வாரம் அந்த மேடையில் நின்று சமைத்திருந்தால், முதல் நாளே அதை இடித்திருப்போம்.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை மிகவும் வருத்தியது. "பட்டப்படிப்புப் படிக்கிறவன் பேசும் பேச்சா இது? படித்து முடித்து நல்ல உத்தியோகத்துக்குப் போ" என்றார் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரையே சூட்டியிருந்ததை நாம் பாடத்தில் படிக்கிறோம். அளவைக்கு ஆண்டவன் பெயர் வைத்த ஊர் இது. நம் சிற்ப நூல்களோ நடுவிரலின் நடுக்கணுவிலிருந்து எடுக்கும் மாத்திராங்குலம் என்ற அளவையும் கூறுகின்றன. அளவு மனித உடலிலிருந்து பிறக்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அப்படிப்பட்ட மண்ணில், டேப் பிடிப்பது படித்தவனுக்கு இழுக்கு என்பது எவ்வளவு பெரிய முரண்! படிக்காதவன் செய்கிறான் என்று தொழிலை இகழ்கிறோம்; தொழில் செய்கிறான் என்று படித்தவனை இகழ்கிறோம். பிறகு தொழிலில் அறிவு எங்கிருந்து வரும்?

என்ன செய்யலாம்?

குறை கூறிவிட்டு அமர்வது கட்டுரையாளனுக்கு எளிது. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, அளவெடுக்கப் போகிறவர் சுவரை அளக்கும் முன் சமைப்பவரை அளக்கட்டும். அவர் உயரம், முழங்கை உயரம், கை எட்டும் தூரம், அவர் பயன்படுத்தும் பெரிய பானையின் உயரம், அரிசி எங்கே, கிரைண்டர் எங்கே என்ற விவரங்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு, அதில் சமைப்பவரே கையொப்பம் இடட்டும். பணம் அனுப்புபவரின் ஒப்புதல் அதற்குப் பிறகு.

இரண்டாவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சர் பிரிவு இருக்கிறது. மரத்தை இழைக்கக் கற்பிப்பதோடு, பொருத்தும் வேலையும், எரிவாயுப் பாதுகாப்பும், தூசித் தடுப்பும் அங்கே கற்பிக்கப்படட்டும். நம் கல்லூரிகளுக்கு 2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டம் மாணவரின் திறனை வளர்க்கவே ஏற்பட்டது. கணிப்பொறித் திறனுக்கு இருக்கும் இடத்தில், கைத்திறனுக்கும் ஒரு மூலை கிடைக்கலாகாதா?

மூன்றாவது, என் தந்தையார் போன்ற தச்சர்களைப் பற்றியது. பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து அளவெடுக்கும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. இழைப்புளி பிடித்த கைக்கு வேலை இல்லை என்று ஒதுக்குவதைவிட, அளவெடுக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்தால் என்ன?

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நண்பரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று மாலை வீடு சென்றதும், உங்கள் தாயார் அடுப்பின் முன் நிற்கும்போது சற்று அருகில் நின்று பாருங்கள். பானையின் விளிம்பு அவருடைய முழங்கைக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கையின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே வடு இருந்தால், அது அவருடைய கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். யாரோ ஒருவர் கேட்காமல் விட்ட கேள்வியின் அடையாளம் அது.

திருவையாற்றுப் பக்கத்து அம்மையாரை அண்மையில் பார்த்தேன். "இப்ப சௌகரியமா இருக்கு தம்பி. உக்காந்துகூட நறுக்கலாம்" என்றார். நான்கு நாள் உழைத்துப் பொருத்திய பளபளப்பான மேடைமீது அவர் ஊறுகாய்ச் சாடிகளை அடுக்கி வைத்திருந்தார். சமையல் நடப்பது செங்கல் வைத்துக் கட்டிய அந்தக் கடப்பைக் கல்லில்தான்.